இரண்டு பக்கமும் சிங்கம்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அமிர்தலிங்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. குடியா, சீட்டா என்றால் அதெல்லாம் இல்லை. யார் சில்லறை கொடுத்தாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் தோல்பைக்குள் போட மாட்டான். கூட்டம் படிக்கட்டில் தொங்கும், டிரைவர் திரும்பித் திரும்பி முறைப்பார், இவன் நடுவில் நின்றுகொண்டு ஒரு ரூபாயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருப்பான். "ஏன்யா, நான் என்ன செல்லாத காசா குடுத்துட்டேன்?" என்று வெங்காய மூட்டைக்காரி யாராவது சண்டைக்கு வருவாள். "செல்லாத காசா இருந்தாத்தான் எனக்கு வேணும் ஆயா" என்பான். பஸ்ஸே சிரிக்கும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சிரிப்புதான். காசு அடிக்கிற ஆலையில் தப்பாக விழுந்து, யார் கண்ணிலும் படாமல் வெளியே வந்துவிட்ட காசுகளைத் தேடிக்கொண்டிருந்தான் அவன். அச்சு நகர்ந்துபோய் ஓரத்தில் பிறை மாதிரி வெறும் தகடு தெரிகிற ஒரு ரூபாய், ஒரு பக்கம் மொழுக்கென்று இருக்கிற எட்டணா, இரண்டு அடி வாங்கி எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரிகிற ஐந்து ரூபாய், இப்படி. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறை வைத்த ஒரு ஆல்பத்தில் போட்டு வைத்திருந்தான். பெண்டாட்டி பிள்ளை என்று இன்னும் அமையாதவன், அந்த ஆல்பத்தைத்தான் கட்டிக்கொண்டு அழுதான்.

அவனுக்கு இருந்த ஒரே சொந்தம் குன்னத்துக்குப் பக்கத்தில் வாக்கப்பட்டிருந்த அக்கா சம்பூர்ணம். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள். அவள் பஸ்ஸில் ஏறினால் முறைப்படி டிக்கெட் கிழிப்பான், காசை மட்டும் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து முதலாளி பைக்குள் போட்டுவிடுவான். அவள் நீட்டினால் "சும்மா குந்துக்கா" என்று அதட்டுவான். அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

மாமன் அய்யாக்கண்ணு மானாவாரி விவசாயி. பருத்தி, மக்காச்சோளம், கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் சின்ன வெங்காயம். வாய் ஓயாத மனுசன். அமிர்தலிங்கம் ஆல்பத்தோடு போனால், களத்தில் வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டே கிண்டல் பண்ணுவார்.

"என்ன மாப்ள, இன்னைக்கு எந்த ஊனக் காச புடிச்சாந்த?"

"சிரிங்க மாமா. இதுல பெரிய சரக்கு ஒன்னு இருக்கு, அது மட்டும் என் கையில மாட்டவே மாட்டங்குது. ரெண்டு பக்கமும் சிங்கம்."

"அது எப்பிடிடா ரெண்டு பக்கமும் வரும்?"

"மொத அடிச்ச காசு அச்சுலயே ஒட்டிக்கும் மாமா. மிசினுக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு அடுத்த தகட்ட உள்ள தள்ளி ஓங்கி ஒரு அடி போடும். ஒட்டிக்கிட்டிருக்கற காசோட சிங்கம் புதுத் தகட்டுல பள்ளமா எறங்கிடும். ஒரு பக்கம் மேட்டுச் சிங்கம், ஒரு பக்கம் பள்ளத்துச் சிங்கம், இடம் வலம் மாறி."

"அப்ப பூவா தலையா போட்டா?"

"எப்பவும் தலைதான்."

"அடி சக்கை! அது கெடச்சா எங்கிட்ட குடுத்துடு. பங்காளி வாய்க்கா தகராறுக்குச் சுண்டிப் போட்டுத் தீத்துக்கறேன்" என்று அவர் சொல்ல, வெங்காயம் அரிந்த கையோடு சம்பூர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அது நல்ல காலம்.

மறு வருசம் பறிப்பு முடிந்து காய்ந்த பருத்திமாறைப் பிடுங்கும்போது ஒரு கட்டை அய்யாக்கண்ணுவின் வலது பாதத்தில் ஏறியது. சர்க்கரை உடம்பு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுக்கொண்டு, அது பாட்டுக்கு ஆறிடும் என்று மக்காச்சோளத்துக்கு உரம் வைக்கப் போய்விட்டார். ஆறவில்லை. விரல் கறுத்தது, பிறகு பாதம் கறுத்தது. கூடத்தில் விதை வெங்காயம் காய்ந்துகொண்டிருந்த காரத்தையும் மீறி வீட்டுக்குள் அந்த நாற்றம் வந்த பிறகுதான் திருச்சிக்குக் கூட்டிப் போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், திங்கட்கிழமைக்குள் வந்து சேருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அமிர்தலிங்கம் போனபோது அக்காவும் மாமனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நீயாச்சும் சொல்லுடா தம்பி. பச்சிலக்காரன்கிட்ட போறங்கறாரு. கெழக்க யாருக்கோ இப்பிடித்தான் கறுத்துச்சாம், பத்து போட்டு ஆத்திட்டானாம்."

"ஆத்தாட்டிப் போவட்டும்" என்றார் அய்யாக்கண்ணு. "காலு இல்லாம நான் எதுக்குடி? தண்ணி பாய்ச்சுவனா, மாடு ஓட்டுவனா? வாசல்ல குந்திக்கிட்டு போறவன் வரவன வேடிக்க பாக்கவா?"

"மாமா, டாக்டரு படிச்சிட்டுத்தான சொல்றாரு. வெசம் மேல ஏறுனா உசுருக்கே..."

"உனுக்கு என்ன மாப்ள. உன் காலா போவுது?"

சம்பூர்ணம் எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து செட்டிகுளத்து முருகன் படத்துக்கு விளக்கேற்றினாள். சாதாரணமாக இந்த மாதிரி காரியத்துக்குக் கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். அதற்கு நாள் பார்த்து, ஆள் பார்த்து, செட்டிகுளம் போய் வருவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, வெங்காயம் விற்ற சில்லறையிலிருந்து கைக்குக் கிடைத்த ஒரு இரண்டு ரூபாயை எடுத்தாள்.

"நானும் சொல்லல, நீங்களும் சொல்ல வேணாம். அவன் சொல்லட்டும். சிங்கம் உழுந்தா ஆஸ்பத்திரி. இந்தியா படம் உழுந்தா பச்சில. மூணு தரம். சம்மதமா?"

அய்யாக்கண்ணு படத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "சம்மதம். முருகன் சொன்னா மறுபேச்சு இல்ல."

முதல் தடவை சிமெண்டுத் தரையில் விழுந்து சுழன்று படுத்தது. குனிந்து பார்த்தாள். சிங்கம். இரண்டாம் தடவையும் சிங்கம். மூன்றாவது தடவை காசு ஓடி வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் அமிர்தலிங்கத்தின் காலடியில் போய் நின்றது.

"என்னடா உழுந்திருக்கு?"

"சிங்கந்தான்க்கா" என்று சொல்லிக்கொண்டே எடுத்தான். எடுத்தவன் சும்மா கொடுத்திருக்கக் கூடாதா? பாழாய்ப்போன பழக்கம், விரல் தானாகத் திருப்பியது. திருப்பிய பக்கத்திலும் சிங்கம். பள்ளத்துச் சிங்கம். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி உள்வாங்கிக் கிடந்தது.

அந்த நிமிசத்தில் அவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அக்கா, இந்தக் காசு பேசாது, வேற காசு எடு" என்று சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. சொன்னால் மாமன் பச்சிலைக்குப் போய்விடுவார், அவர் உசுருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று பிற்பாடு தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டான். பொய். சுத்தப் பொய். அந்த நிமிசம் அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது கிடைத்துவிட்டதே என்றுதான். மாமன் கால் அவன் நினைப்பிலேயே இல்லை.

அய்யாக்கண்ணு சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்தி, "சரி, அவனே கேக்கறான். எடுத்துக்கட்டும்" என்றார். சம்பூர்ணம் தம்பி கையிலிருந்து காசை வாங்கினாள். மஞ்சள் துணியில் முடிந்து, "உசுரோட திருப்பிக் குடுத்துடு, மல ஏறி வந்து இந்தக் காச உன் உண்டியல்ல போடறோம்" என்று வேண்டி, படத்தின் ஆணியில் மாட்டினாள்.

திங்கட்கிழமை அக்காவும் மாமனும் திருச்சிக்குப் போனார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேண்டுமே என்று வீட்டுச் சாவியைத் தம்பியிடம்தான் கொடுத்திருந்தாள். அங்கே மாமனை ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்திருந்த நேரத்தில், இங்கே இவன் ஆணியிலிருந்து முடிச்சை எடுத்து அவிழ்த்தான். தன் பையிலிருந்த நல்ல இரண்டு ரூபாய் ஒன்றை வைத்து அதே மாதிரி முடிந்து மாட்டினான். சாமிக்கு என்ன, ரெண்டு ரூபாய் ரெண்டு ரூபாய்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். வீட்டில் ஒருத்தரும் இல்லை, யாருக்குச் சொன்னானோ தெரியவில்லை. மாடு கத்தியது, போய்த் தண்ணி காட்டினான்.

அரியலூரில் கிளமெண்ட் என்று ஒரு வாத்தியார், வரதராசன்பேட்டைக்காரர். தப்புக் காசு வாங்குவதிலும் விலை சொல்வதிலும் அவரைக் கேட்டுத்தான் மற்றவர்கள். அவர் அந்தக் காசை லென்சுக்குக் கீழே வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரி நெறய பேரு கொண்டாருவாங்க அமிர்தலிங்கம். போலி பண்றவன் ரெண்டு காச ஒன்னு மேல ஒன்னா இரும்புப் பிடி வைஸ்ல வச்சு இறுக்கிடுவான். ஆனா அதுல பள்ளத்துக்கு அடியில பழைய மேப்பு நெளிஞ்சு தெரியும். இந்தப் பக்கத்து மேட்டுச் சிங்கமும் நசுங்கியிருக்கும். இதப் பாரு, மேட்டுச் சிங்கத்துக்குப் பிடரி மயிர் கூட அழியல. பள்ளத்துக்கு அடியில வேற ஒரு கோடு கெடையாது. விளிம்பு சுத்தம். ஆலையிலயே பொறந்த தப்பு."

"என்ன பெறும் சார்?"

"பேப்பர்ல லட்சம்னு எழுதுவான், நம்பாத. நான் ரெண்டாயிரம் தரேன். இன்னும் கொஞ்ச நாள் வச்சிருந்தா கூடவே போவும். எங்க கெடச்சுது?"

"பையில வந்துச்சு சார். டிக்கெட்டு காசுல."

"குடுத்து வச்சவன்யா நீ" என்று கிளமெண்ட் கை குலுக்கினார். அமிர்தலிங்கத்துக்குக் கூசிப்போயிற்று. யோசித்துச் சொல்கிறேன் என்று காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆல்பத்தில் கடைசிப் பக்கத்தில் வைத்தான். எத்தனை வருசம் தேடிய காசு! அதற்கப்புறம் அந்த ஆல்பத்தை ஆசையாகத் திறக்க முடியவில்லை.

அய்யாக்கண்ணு பிழைத்து வந்தார். வேட்டிக்குக் கீழே ஒரு கால்தான். கக்கத்தில் கட்டை வைத்துக் களம் வரைக்கும் வருவார், சாக்கை விரித்து உட்கார்ந்து பொண்டுகளோடு வெங்காயத் தாள் அரிவார். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அதே கதைதான். "டாக்டரு சொல்லி எடுக்கலைங்க. முருகன் சொன்னான். மூணு தரம் சுண்டுனா எம் பொண்டாட்டி, மூணு தரமும் சிங்கம். என் மாப்ளதான் எடுத்துப் பாத்துச் சொன்னான், கேளுங்க." வந்தவர்கள் திரும்பி அமிர்தலிங்கத்தைப் பார்ப்பார்கள். அவன் தலையாட்டுவான். அக்கா அவனுக்கென்று கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பாள், நடுத்துண்டாகப் பார்த்துத் தட்டில் போடுவாள். முடிச்சை அவிழ்த்த இந்தக் கையால் சாப்பிடுகிறோமே என்று இருக்கும். பஸ்ஸில் காசைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் கூட விட்டுப்போயிற்று. "என்ன கண்டக்டரே, திருந்திட்டியா?" என்று வெங்காயக்காரிகள் கேட்டார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறுவது என்று முடிவாயிற்று. அமிர்தலிங்கம் தீர்மானம் பண்ணிக்கொண்டான். போகிற வழியில் எப்படியாவது முடிச்சை வாங்கி, அதன் காசை அதிலேயே வைத்துவிட வேண்டும். ஆல்பத்திலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலை டியூட்டிக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுப் போனான்.

சம்பூர்ணம் முடிச்சை முந்தானையில் கட்டி இடுப்பில் செருகியிருந்தாள். "குடுக்கா, நான் வச்சுக்கறேன்" என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தான். "உசுரக் குடுத்த காசுடா, நானே வச்சுக்கறேன்" என்றுவிட்டாள். அடிவாரத்தில் அய்யாக்கண்ணு கட்டையைத் தூரப் போட்டார். தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொன்னவர்களை விரட்டினார். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் மேல்படியில் ஊன்றி, இருக்கிற காலால் உந்தி, படி படியாக உட்கார்ந்தே ஏறினார். ஆடிக் காற்று தூக்கித் தள்ளியது. காவடிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வேட்டி கிழிந்து, உள்ளங்கை தோல் உரிந்து, "இன்னம் எவ்ளோடா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார். கக்கக் கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன அமிர்தலிங்கத்துக்கு அந்த மலையிலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

கரும்பைக் கையில் வைத்திருக்கிற முருகனை மூன்று பேரும் கண்ணாரக் கும்பிட்டார்கள். உண்டியலுக்கு முன்னால் சம்பூர்ணம் முடிச்சை அவிழ்த்தாள்.

"கொஞ்சம் இரு" என்றார் அய்யாக்கண்ணு. "அந்தக் காச இங்க குடு."

கையில் வாங்கியவர் முன்பக்கம் பார்த்தார், சிங்கம். திருப்பினார். இந்தியா படம், நடுவில் கொடி. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெஞ்சே இறங்குகிற மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

"இப்ப சொல்றேன், கோச்சுக்காத மாப்ள. இத்தன நாளா ஒரு சந்தேகம் என்னை அரிச்சுக்கிட்டே கெடந்துச்சு. ஒரு தரம் கூட படம் உழலியே, நீ சொன்னியே அந்த ரெண்டு பக்கச் சிங்கம், அதுவா இருந்திருக்குமோ? சாமி சொல்லாமயே என் கால வெட்டிட்டாங்களோன்னு. சில நாளு வெட்டுன எடம் வலிக்கறப்ப அதேதான் நெனப்பு. ஆணியிலேருந்து எடுத்துப் பாக்கவும் பயம். இருந்துட்டா என்ன பண்றது?" கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் சிரித்தது. "நான் ஒரு கூறு கெட்டவன். அப்பிடி இருந்தா நீ கையில எடுத்துப் பாத்தியே, சொல்லாமயா இருந்திருப்ப?"

அமிர்தலிங்கம் கோபுரத்தைப் பார்த்தான்.

"இத உண்டியல்ல போட வேணாம்" என்றார் அய்யாக்கண்ணு.

"ஐயோ, முடிஞ்சு வச்ச காசுங்க!"

"வேற போடு. சாமிக்கு என்னடி, ரெண்டு ரூவா ரெண்டு ரூவாதான். இது மாப்ளைக்கு. இந்தாடா, உன் ஆல்பத்துல மொதப் பக்கத்துல வையி. இதுக்கு மேல வெல பெத்த காசு உங்கிட்ட எதுவும் இருக்காது." அவன் உள்ளங்கையை இழுத்து அதில் வைத்து மூடினார். "பதிலுக்கு நீ ஒரு ரெண்டு ரூவா குடு. உன் கையால குடு."

சட்டைப் பையில் சில்லறை என்று இருந்தது அந்த இரண்டு பக்கச் சிங்கம் ஒன்றுதான். ஒருவிதத்தில் நல்லதுதான், சாமி காசு சாமிக்கே போய்ச் சேரட்டும், அக்கா எங்கே பார்க்கப் போகிறாள் என்று எடுத்து நீட்டினான்.

ஆனால் காணிக்கைக் காசை மஞ்சள் வைக்காமல் போட மாட்டார்களே. சம்பூர்ணம் குழைத்த மஞ்சளை விரலால் தொட்டுக் காசின்மேல் தேய்த்தாள். ஒரு பக்கம் தேய்த்துத் திருப்பி மறுபக்கம் தேய்த்தாள். மஞ்சள் பள்ளத்தில் இறங்கி, இடம் வலம் மாறின சிங்கம் பளிச்சென்று தெரிந்தது. அவள் கை நின்றுவிட்டது. மறுபடி திருப்பினாள். அங்கேயும் சிங்கம். தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தாள். அவன் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. ஆணியில் தொங்கிய முடிச்சு, அவனிடம் கொடுத்துவிட்டுப் போன சாவி, எல்லாவற்றையும் அவள் அந்த ஒரு பார்வையில் கூட்டிப் பார்த்துவிட்டாள்.

"என்னடி, போடு" என்றார் அய்யாக்கண்ணு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"போடறங்க." அவசர அவசரமாக மஞ்சள் துணியில் சுற்றி உண்டியலுக்குள் தள்ளினாள். விழுந்த சத்தம் கூடக் கேட்கவில்லை.

இறங்கும்போது அய்யாக்கண்ணு ஒருத்தர்தான் பேசினார். இந்த வருசம் வெங்காயம் சேர்த்து வைக்கப் பட்டறை பெரிதாகப் போட வேண்டும், பங்காளியிடம் சமாதானம் பேச வேண்டும், மாப்ளைக்கு ஒரு பொண்ணு பார்க்க வேண்டும். அத்தனை மாதம் கழித்து அந்தக் குரலில் பழைய கிண்டல் திரும்பியிருந்தது. சம்பூர்ணம் உம் கொட்டிக்கொண்டே வந்தாள்.

மத்தியானம் பெரம்பலூரில் அமிர்தலிங்கம் டியூட்டிக்கு ஏறினான். அக்காவும் மாமனும் அவன் பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னாலிருந்து ஒவ்வொருத்தராக டிக்கெட் போட்டுக்கொண்டு வந்தவன், அவர்களைத் தாண்டும்போது எப்போதும்போல இரண்டு டிக்கெட்டைக் கிழித்து, சட்டைப் பைக்குள் கையை விட்டான். அவள் நோட்டை நீட்டினாள்.

"குன்னம் ரெண்டு."

"அக்கா..."

"காச வாங்கிக்க."

"ஏய், என்னடி புதுசா, தம்பிகிட்டப் போயி?" என்றார் அய்யாக்கண்ணு.

"இருக்கட்டுங்க. அவங்கிட்ட வாங்குனதெல்லாம் போதும்."

கூட்டம் பார்த்தது. அமிர்தலிங்கம் நோட்டை வாங்கிக்கொண்டு, டிக்கெட்டோடு மீதிச் சில்லறையைக் கொடுத்தான். அதில் ஒரு இரண்டு ரூபாய் இருந்தது. சம்பூர்ணம் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் சுருக்குப்பையில் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினாள்.